கடைசியாக வாங்கிய சம்பளம்

வேலைக்கான விண்ணப்பப் படிவங்களில் ஒரு கட்டம் இருக்கும்: 'கடைசியாகப் பெற்ற மாதச் சம்பளம்'. படிப்பு, அனுபவம், பரிந்துரை எல்லாவற்றையும் தாண்டி நிர்வாகத்தின் கண் போய் நிற்பது அங்கேதான். சம்பளக் கணக்குப் பிரிவில் வெகுகாலம் குப்பை கொட்டியவள் என்ற உரிமையில் சொல்கிறேன். பெண்களுக்குக் குறைவாகக் கொடுக்க வேண்டும் என்று யாரும் கதவைச் சாத்திக்கொண்டு திட்டம் போடத் தேவையில்லை. அந்த ஒரு கட்டம் போதும்.

நியமனக் கடிதம் தயாராவதற்கு முன் என் மேசைக்கு ஒரு தாள் வரும். முதல் பத்தியில் பெயர். அடுத்ததில் பழைய சம்பளம். அதற்கடுத்த பத்தியில், பழைய சம்பளத்தோடு 20 சதவீதம் கூட்டிக் காட்டும் சூத்திரம் ஏற்கெனவே போட்டு வைக்கப்பட்டிருக்கும். கடைசியில் மேலாளர் கையெழுத்திட இடம். இந்தப் பதவிக்கு என்ன மதிப்பு, வருகிறவர் என்ன வேலை செய்யப்போகிறார் என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் பத்தியே கிடையாது.

ஒரு முறை ஒரே பதவிக்கு இருவரை எடுத்தார்கள். எழுத்துத் தேர்வில் பெண்ணுக்குத்தான் கூடுதல் மதிப்பெண். ஆனால் குழந்தைக்காகச் சில ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தவர் அவர். படிவத்தில் அவர் எழுதியிருந்தது அந்தப் பழைய காலத்துச் சம்பளம். சூத்திரம் தன் வேலையைச் செய்துவிட்டது. இரண்டு தொகைகளுக்கும் இடையே இவ்வளவு தூரமா என்று மேலாளரிடம் கேட்டேன். "அவர் வாங்கியதைவிட அதிகமாகத்தானே தருகிறோம் மேடம்? சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்" என்றார். சந்தோஷமாம். பக்கத்து நாற்காலிக்காரருக்கு எவ்வளவு என்று தெரிந்தால்தானே வருத்தப்படுவதற்கு!

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் 100 என்ற சம்பளத்தில் சேர்கிறார்கள். ஒருவர் தொடர்ந்து வேலையில் இருக்கிறார். ஆண்டுக்கு 8 சதவீத உயர்வில் நான்கு ஆண்டுகளில் 136 ஆகிறது. இன்னொருவர் அந்த நான்கு ஆண்டுகளும் வீட்டில். இருவரும் ஒரே புதிய நிறுவனத்தில் ஒரே பதவிக்கு வருகிறார்கள். இருவருக்கும் 'பாரபட்சம் இல்லாமல்' அதே 20 சதவீதம் கூட்டினால் அவருக்கு 163, இவருக்கு 120. விலகியிருந்த காலத்துக்கான அனுபவக் குறைவு என்று கொஞ்சம் கழித்தால்கூட நியாயம் என்பேன். ஆனால் இங்கே யாரும் அனுபவத்தை அளக்கவில்லையே. அடுத்த ஐந்து ஆண்டுகள் இருவரும் ஒரே மாதிரி உழைத்து, அதே 8 சதவீதம் வாங்கினால் 240, 176. தொடக்கத்தில் 43 ஆக இருந்த வித்தியாசம் 64 ஆகிவிட்டது. இதற்குள் எந்த இடத்திலும் ஒரு கெட்ட மனிதர் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். போனஸ், ஓய்வூதியம் என்று சம்பளத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிடும் எல்லாமே இந்த வித்தியாசத்தைப் பின்தொடரும்.

2023ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் அமெரிக்காவின் இருநூறு ஆண்டுத் தரவுகளைக் கிளறிக் காட்டியதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. பெண்கள் குறைந்த சம்பளத் தொழில்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால்தான் இடைவெளி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இப்போது வழியில்லை. இன்றைய இடைவெளியில் பெரும்பகுதி ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் இருக்கிறது. அது பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்த பிறகு உருவாகிறது.

தந்தையான ஆணுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஷெல்லி கோரல் என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தகுதியில் சமமான கற்பனை விண்ணப்பங்களை மதிப்பிடக் கொடுத்தார்கள். தாய் என்று தெரிந்த பெண்ணுக்கு, குழந்தை இல்லாத பெண்ணைவிடச் சுமார் 7 சதவீதம் குறைவான தொடக்கச் சம்பளம் பரிந்துரைக்கப்பட்டது. தந்தை என்று தெரிந்த ஆணுக்கு எந்த இழப்பும் இல்லை. எனக்கு இது வியப்பாக இல்லை. "குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்ற கேள்வியை நான் உட்கார்ந்திருந்த நேர்காணல்களில் எந்த ஆணிடமும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாவம், என்ன பதில் சொல்வதென்று திணறியிருப்பார்.

பக்கத்து நாற்காலிக்காரரின் சம்பளம் தெரியாமலே இருப்பது பற்றிச் சொன்னேன். அந்தச் சம்பள ரகசியம் என்றதும் லில்லி லெட்பெட்டரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு டயர் தொழிற்சாலையில் 1979இல் சேர்ந்து மேற்பார்வையாளராக இருந்தவர். ஓய்வு பெறும் தறுவாயில், யாரோ பெயர் போடாமல் ஒரு துண்டுச் சீட்டை அவருக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அதே பணியிலிருந்த ஆண்களின் சம்பளமும் அவருடையதும் அதில் இருந்தன. அவருக்கு மாதம் 3,727 டாலர். ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286. வழக்குப் போட்டார். பாகுபாடான முடிவு எடுக்கப்பட்ட 180 நாட்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்று 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. தனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி 180 நாட்களுக்குள் எப்படிப் புகார் செய்வது? 2009இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. ஒவ்வொரு குறைவான சம்பளப் பட்டுவாடாவும் புதிய பாகுபாடாகவே எண்ணப்படும் என்று ஆனது. லெட்பெட்டர் கைக்கு மட்டும் ஒரு காசும் வரவில்லை.

கட்டத்தையே அழித்துவிடுவது எளிய வழி. பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் 2016இல் சட்டம் இயற்றியது. வேறு சில மாநிலங்களும் தொடர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணை இன்னும் ஒரு படி மேலே போகிறது: பழைய சம்பளத்தைக் கேட்கவும் கூடாது, பதவிக்கான சம்பள வரம்பை நிறுவனமே முன்கூட்டிச் சொல்லவும் வேண்டும். என் பார்வையில் இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். கேட்பதை மட்டும் தடுத்தால், அதிகம் வாங்கியவர் தானாகவே சொல்லிவிடுவார். வாயைத் திறக்காதவர் குறைவாக வாங்கியவர் என்று மேலாளர் முடிவு கட்டிவிடுவார்.

சட்டம் வராத இடங்களில் இருப்பவர்கள் என்ன செய்வது என்று சில தோழிகள் கேட்டார்கள். காகிதப் படிவமாக இருந்தால் அந்தக் கட்டத்தில் 'பதவிக்கான சம்பள வரம்பைத் தெரிவித்தால் பேசலாம்' என்று எழுதுங்கள். இணையப் படிவம் எண் இல்லாமல் நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பூஜ்யம் போட்டுப் பாருங்கள், பல படிவங்கள் ஏற்றுக்கொள்ளும். ஏன் பூஜ்யம் என்பதைக் குறிப்புப் பகுதியில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பொய்யான தொகையை மட்டும் போடாதீர்கள். சேர்ந்த பிறகு சம்பளச் சீட்டு கேட்டால் வேலையே போய்விடும். நேர்காணலில் நேரடியாகக் கேட்டால், "இந்தப் பதவிக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் தொகை எவ்வளவு?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்தத் தொகை ஒதுக்கப்படாமல் எந்தப் பதவிக்கும் விளம்பரம் வெளியே போகாது. அது எங்கள் பிரிவைத் தாண்டித்தான் போக வேண்டும்.