நூறு சதவீத ஸ்கேனிங்: சட்டம் இருக்கிறது, படத்தைப் பார்க்க ஆள் எங்கே?

அமெரிக்காவின் தரை எல்லைக்குள் நுழையும் ஒவ்வொரு லாரியையும், காரையும், சரக்கு ரயிலையும் பெரிய ஸ்கேனர் வழியாக அனுப்ப வேண்டும், அதற்கான திட்டத்தை 180 நாளுக்குள் கொடுங்கள் என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்லும் சட்டம் 2021 ஜனவரி 5 அன்று கையெழுத்தானது. 'செக்யூரிங் அமெரிக்காஸ் போர்ட்ஸ் ஆக்ட்' என்று பெயர். மறுநாளே வாஷிங்டனில் கேப்பிடல் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்துவிட்டது, அதனால் இந்தச் சட்டம் பலர் கண்ணில் பட்டிருக்காது. எனக்குப் பிழைப்பு ஏற்றுமதிச் சரக்குக்கு ஆவணம் போடுவது. அமெரிக்கச் சுங்கத்துறை என்ன செய்தாலும் ஏதோ ஒரு வகையில் என் மேசைக்கு வந்து சேரும், அதனால் இதைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன்.

ஸ்கேனர் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். 2019 ஜனவரி 26 அன்று அரிசோனாவின் நொகாலெஸில் என்ன நடந்தது என்று பாருங்கள். மெக்சிகோவிலிருந்து வெள்ளரிக்காய் ஏற்றி வந்த லாரி ஒன்றைத் தனியாக ஓரங்கட்டி எக்ஸ்ரே போட்டபோது படத்தில் ஏதோ இசகுபிசகாக இருந்தது. நாயும் மோப்பம் பிடித்துக் காட்டியது. டிரெய்லரின் பின்பக்கத் தரைக்கு அடியில் ரகசிய அறை செய்து உள்ளே சுமார் 115 கிலோ ஃபென்டனில் என்ற போதைப்பொருளை வைத்திருந்தார்கள், கூடவே மெத்தாம்ஃபெட்டமின் என்ற இன்னொரு போதைப்பொருள் வேறு. அதுவரை அந்நாட்டில் ஒரே தடவையில் பிடிபட்ட ஃபென்டனிலில் அதுதான் அதிகம். 2 மில்லிகிராமே ஆளைக் கொல்லப் போதும் என்று அமெரிக்கப் போதைத் தடுப்புத் துறை எச்சரிக்கும் பொருள் அது. ஒரு லாரி வெள்ளரிக்காயைக் கையால் இறக்கிப் பார்த்திருந்தால்கூட தரைக்கு அடியில் இருப்பது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். பிடிபடும் ஃபென்டனிலில் பெரும்பகுதி இந்த மாதிரி முறையான சோதனைச் சாவடிகளில்தான் சிக்குகிறது, பாலைவனத்தில் நடந்து வருகிறவர்களிடம் இல்லை. ஆனால் 2021 சட்டம் வந்த சமயத்தில் ஸ்கேன் ஆனது கார்களில் சுமார் 2 சதவீதம், லாரிகளில் 15 சதவீதத்தை ஒட்டித்தான். ஆக, சட்டத்தின் நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை அந்த 'நூறு' மேல்தான். ஏனென்றால் இந்த நூறை ஏற்கெனவே ஒரு தடவை எழுதிப் பார்த்தாயிற்று. 2007இல் வந்த 9/11 ஆணையப் பரிந்துரைச் சட்டம், 2012 ஜூலை 1க்குப் பிறகு அமெரிக்காவுக்குக் கப்பலேறும் ஒவ்வொரு கன்டெய்னரும் வெளிநாட்டுத் துறைமுகத்திலேயே ஸ்கேன் ஆகியிருக்க வேண்டும் என்றது. அதற்கு முன்னோட்டமாக சில துறைமுகங்களில் செய்து பார்த்தார்கள். சரக்கு குறைவாக வரும் இடங்களில் பாதிக்கு மேல் ஸ்கேன் செய்ய முடிந்தது. ஹாங்காங், புசான் மாதிரி பெரிய துறைமுகங்களில் 5 சதவீதத்தைத் தாண்டி நிலைக்கவில்லை. காரணம் புரியாத புதிர் ஒன்றும் இல்லை. ஒரு கப்பலில் இறங்கி இன்னொரு கப்பலில் ஏறும் கன்டெய்னர் துறைமுக கேட் பக்கமே வராது. ஸ்கேனர் கேட்டில் நிற்கும், பெட்டி யார்டில் கிடக்கும். திருப்பூர் பனியன் தூத்துக்குடியில் கப்பலேறி கொழும்பில் கப்பல் மாறுவதைப் பார்த்திருக்கிற யாரைக் கேட்டிருந்தாலும் இதை முதல் நாளே சொல்லியிருப்பார்கள். கடைசியில் 2012இல் கெடுவை இரண்டு வருடம் தள்ளி வைத்தார்கள், 2014இல் மறுபடியும், அதற்குப் பிறகும்.

நிஜத்தில் அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டிருப்பது எங்களைப் போன்றவர்கள் அனுப்பும் காகிதம்தான். கப்பலேற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே சரக்கு என்ன, யார் அனுப்புகிறார், யார் வாங்குகிறார் என்று அமெரிக்கச் சுங்கத்துக்குப் போய்விட வேண்டும். அதை வைத்து எந்தப் பெட்டி சந்தேகம் என்று அவர்கள் பிரித்தெடுப்பார்கள். இதில் ஓட்டை இல்லை என்று சொல்ல வரவில்லை. நொகாலெஸ் லாரியின் காகிதத்திலும் காய்கறி என்றுதான் எழுதியிருப்பார்கள். காகிதமும் படமும் சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும்.

இப்போது தரை எல்லைக்கு வருவோம். பழைய முறையில் டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும், அப்புறம்தான் ஸ்கேன். போர்ட்டல் எனப்படும், வண்டி உள்ளே புகுந்து போகும் வாயில் மாதிரியான புதிய ஸ்கேனர்களில் டிரைவர் இருக்கையிலேயே உட்கார்ந்து மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம். கேபின் கடக்கும்போது குறைந்த ஆற்றல் கதிர், பின்னால் சரக்கு வரும்போது அதிக ஆற்றல் கதிர் என்று இயந்திரமே மாற்றிக்கொள்ளும். அதிகாரி முன் வண்டி போய் நிற்பதற்குள் படம் அவர் திரையில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. உண்மையிலேயே நல்ல முன்னேற்றம் இது.

ஆனால் 2021 சட்டம் கேட்டது திட்டம் மட்டும். பணம் அதில் இல்லை. என்ன ஆயிற்று? 2024 மார்ச்சில் சுங்க, எல்லைப் பாதுகாப்பு அமைப்பின் தலைவர் பொறுப்பில் இருந்தவரே, வாங்கிய ஸ்கேனர்கள் கிடங்கில் கிடக்கின்றன, நிறுவுவதற்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பணம் ஒதுக்கவில்லை என்று தொலைக்காட்சிக்குச் சொன்னார். இயந்திரத்துக்குக் காசு உண்டு, அது நிற்கக் கான்கிரீட் போடவும் மின்சாரம் இழுக்கவும் காசு இல்லை! படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. ஃபென்டனிலால் பிள்ளையை இழந்த பெற்றோருக்கு எப்படி இருந்திருக்கும்? 2025 ஜூலையில் வந்த பெரிய பட்ஜெட் சட்டத்தில் எல்லைத் தொழில்நுட்பத்துக்கு 600 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள், ஸ்கேனரும் அதில் அடக்கம். சரி, இனி பணம் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆள்? அதுதான் என் கேள்வி. ஸ்கேன் ஆவது வேறு, சோதனை ஆவது வேறு. ஒரு லாரியின் எக்ஸ்ரே படம் சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காக இருக்கும். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் அடர்த்தி மாறும் இடத்தைப் பிடிக்கப் பழகிய கண் வேண்டும். ஏதோ தெரிகிறது என்று அவர் சொன்னால் அந்த வண்டியை ஒதுக்கி இறக்கிப் பார்க்க வேறு ஆட்களும் இடமும் வேண்டும். 15 சதவீதத்துக்குப் பழகிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு நூறு சதவீதம் படம் எடுத்தால், பாதிப் படம் பார்க்கப்படாமலே போகும், இல்லையென்றால் லாரி வரிசை நிற்கும். சாதாரண லாரியின் படத்திலிருந்து வித்தியாசப்படுவதைக் கணினி எடுத்துக் காட்டட்டும் என்று செயற்கை நுண்ணறிவை முன்னோட்டமாகச் சோதிக்கச் சொல்லும் மசோதா 2023இல் வந்தது. முயற்சி செய்யட்டும், நல்லதுதான். ஆனால் கணினி கைகாட்டிய பிறகும் டிரெய்லரைத் திறக்க மனிதர்தான் போக வேண்டும்.

வரிசை நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஏப்ரல் இருக்கிறது. டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட், சுங்கச் சோதனை முடிந்து வரும் லாரிகளை மாநிலப் போலீஸ் மறுபடி சோதிக்க உத்தரவிட்டார். பார்த்தது பிரேக், டயர், விளக்கு. லாரிகள் ஒரு நாளுக்கும் மேல் பாலத்தில் நின்றன, காய்கறி கெட்டது, பொறுக்க முடியாமல் மெக்சிகோவின் ரெய்னோசா பக்கம் டிரைவர்களே 'ஃபார்' (Pharr) என்ற எல்லைப் பாலத்தை மறித்தார்கள். போதைப்பொருள் எதுவும் சிக்கவில்லை. பத்து நாளுக்குள் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். நஷ்டம் தினக்கூலி மாதிரி டிரிப் கணக்கில் சம்பளம் வாங்கும் டிரைவருக்கும், காய் அனுப்பியவருக்கும்.

அதனால் அடுத்து வரும் எந்தச் சட்டத்திலும் சதவீதத்தை மட்டும் எழுதாமல், ஒரு ஸ்கேனருக்கு ஷிஃப்ட்டுக்கு எத்தனை பேர் படம் பார்க்க வேண்டும், வாங்கிய இயந்திரம் எத்தனை மாதத்துக்குள் ஓட ஆரம்பிக்க வேண்டும், எடுத்த படங்களில் எத்தனையை உண்மையில் ஒருவர் பார்த்தார் என்பதையும் எழுதி, அந்தக் கணக்கை ஒவ்வொரு வருடமும் காங்கிரஸ் முன் வைக்கச் சொல்ல வேண்டும். 2007 சட்டத்தின் அந்தப் பிரிவு இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தூசி தட்டி எடுக்கும் நாள் வந்தால், கொழும்பு யார்டில் கிடக்கும் தூத்துக்குடிப் பெட்டியை ஸ்கேனருக்கு இழுத்துப் போகிற செலவு யார் தலையில் என்பதையும் அப்போதே எழுதிவிடட்டும்.