கணக்கு வைக்காத கிருபை: லெந்து நாட்களின் குறிப்புகள்

2025 மார்ச் 5, புதன்

ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களாகிய லெந்து காலம் இன்று தொடங்கியது. இந்த ஆண்டு எங்கள் வேதபாடக் குழுவில் கலாத்தியருக்கு அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய நிருபத்தை, அதாவது கடிதத்தை, அதிகாரம் அதிகாரமாக வாசிப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். ஆறே அதிகாரங்கள் கொண்ட சிறிய நிருபம் அது. மற்றச் சபைகளுக்கு எழுதும்போது பவுல் வழக்கமாகச் சொல்லும் ஸ்தோத்திர வார்த்தைகள்கூட இல்லாமல், எடுத்த எடுப்பிலேயே கண்டனத்தில் இறங்குகிறது. உபவாசமும் ஒறுத்தலும் தொடங்குகிற நாளில் விடுதலையைப் பற்றிய நிருபத்தைத் திறப்பது பொருத்தமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். இதைவிடப் பொருத்தமான காலம் வேறில்லை என்பதே என் எண்ணம்.

அதற்குக் காரணம் இன்றைக்கே கிடைத்தது. ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியேறும்வரை காத்திருந்த வயதான தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். பல ஆண்டுகளாக லெந்து நாட்களில் மாலைவரை உபவாசம் இருப்பவர் அவர். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் நிலையில் இனி அது கூடவே கூடாது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டாராம். வேதாகமப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, என்னிடம் அதை ஒரு சாட்சியாக ஒப்படைப்பதுபோலக் காட்டினார். காலைக்குரிய மாத்திரை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. "தம்பி, மாத்திரைக்காகச் சாப்பிட்டுவிட்டு ஜெபம்பண்ணினால் ஆண்டவர் அதைக் கேட்பாரா?" என்று கேட்டார்.

கேட்பார் அம்மா என்றேன். முதலில் வீட்டுக்குப் போய் உணவு உண்டு, மருந்தைப் பற்றி மருத்துவரிடம் இன்றைக்கே பேசும்படி சொன்னேன். கர்த்தருக்குப் பிரியமான உபவாசம் என்பது நுகத்தடிகளை உடைத்துப்போடுவதும் பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதுமே என்று ஏசாயா 58ஆம் அதிகாரம் கூறுவதையும் நினைவூட்டினேன். அவர் தலையசைத்தார். ஆனால் அவர் முகத்தில் தெளிவு வரவில்லை. உணவு உண்டவருக்குத் தேவன் செவிசாய்ப்பதில்லை என்று எங்கள் பிரசங்க பீடத்திலிருந்து யாரும் எந்நாளும் போதித்ததில்லை. இருந்தும் அவருக்குள் அந்தப் பயம் வேரூன்றியிருக்கிறது. நாவு அறிக்கையிடும் விசுவாசம் ஒன்றாகவும், நெஞ்சு நம்பியிருக்கும் சட்டம் வேறொன்றாகவும் இருக்கக்கூடும் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டுதான் இந்த நிருபத்தைப் படிக்க வேண்டும்.

2025 மார்ச் 9, ஞாயிறு

முதல் இரண்டு அதிகாரங்களை இன்று வாசித்தோம். பின்னணிக்காக அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டோம். யூதேயாவிலிருந்து வந்த சிலர், "நீங்கள் மோசேயினுடைய முறைமையின்படியே விருத்தசேதனமடையாவிட்டால், இரட்சிக்கப்படமாட்டீர்கள்" என்று அந்தியோகியாவின் விசுவாசிகளுக்குப் போதித்தார்கள். விருத்தசேதனம் என்பது நுனித்தோலை அகற்றும் யூதச் சடங்கு. அதை விசாரிக்க ஏறத்தாழ கி.பி. 49இல் எருசலேமில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. அங்கே பேதுரு எழுந்து, நம்முடைய பிதாக்களாலும் நம்மாலும் சுமக்கக்கூடாதிருந்த நுகத்தடியை இவர்கள் கழுத்தில் ஏன் சுமத்துகிறீர்கள் என்று கேட்டார். தகுதி பாராமல் தேவன் அருளும் தயவாகிய கிருபையின் பக்கம் நின்று பேசிய மிகத் தெளிவான குரல் அது.

அதே பேதுருவைத்தான் கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் முகமுகமாய் எதிர்க்கிறார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடனே அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதரும், பர்னபாவுமேகூட, இழுப்புண்டார்கள். இந்தப் பகுதியில்தான் இன்று நெடுநேரம் நின்றோம். பேதுரு எந்த உபதேசத்தையும் மாற்றவில்லை. கிருபை போதாது என்று வாய்திறந்து சொல்லவும் இல்லை. அவர் செய்ததெல்லாம் ஒரு பந்தியைவிட்டு எழுந்து வேறொரு பந்தியில் உட்கார்ந்தது மட்டுமே. அதையே பவுல் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்காத நடை என்று எல்லார் முன்பாகவும் சொல்கிறார்.

நீதிமானாக்கப்படுதல், அதாவது தேவன் ஒருவரை நீதிமானாக ஏற்றுக்கொள்ளுதல், பற்றிய மாபெரும் உபதேசம் இந்த நிருபத்தில் சாப்பாட்டு மேசை வழியாக வருகிறது என்பதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். யாரோடு உட்காருகிறோம், யாரைக் கண்டவுடன் எழுந்துவிடுகிறோம், யார் வந்தால் நம் பேச்சு மாறுகிறது என்பவற்றில்தான் நாம் உண்மையில் எதை நம்புகிறோம் என்பது வெளிப்படுகிறது. "நீதியானது நியாயப்பிரமாணத்தினாலே வருமானால் கிறிஸ்து மரித்தது வீணாயிருக்குமே" என்று, மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தைக் குறித்துச் சொல்லும் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் நாங்கள் அனைவரும். ஆயினும் ஒருவருடைய உடையையோ, அவர் எத்தனை வாரம் ஆராதனைக்கு வரவில்லை என்பதையோ வைத்து அவருக்கு எவ்வளவு அருகில் உட்காருவது என்று தீர்மானிக்கும் பழக்கம் எங்கள் நடுவிலும் இருக்கிறது.

2025 மார்ச் 13, வியாழன்

பழைய ஏற்பாடு நியாயப்பிரமாணம், புதிய ஏற்பாடு கிருபை என்று பிரித்துப் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் பத்துக் கட்டளைகள் தொடங்குவதற்கு முன்னரே, "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்ற வார்த்தை நிற்கிறது. விடுவித்த பிறகே கட்டளை. கட்டளையைக் கைக்கொண்டதற்குப் பரிசாக விடுதலை அன்று. கட்டளைகளை 613 என்று எண்ணி, அவற்றில் 248 செய்ய வேண்டியவை, 365 செய்யக்கூடாதவை என்று வகுத்த யூத மரபும், தேவனுடைய வேதத்தில் மகிழ்ந்து 176 வசனங்கள் பாடிய 119ஆம் சங்கீதமும் கட்டளையை ஒரு வரமாகவே பார்த்தன. ஆபிரகாமுக்கு அருளப்பட்ட வாக்குத்தத்தம் முந்தியது, நியாயப்பிரமாணம் 430 வருஷத்துக்குப் பின்பு உண்டானது என்று பவுல் வாதிடுவதும் இந்த வரிசையை வைத்துத்தான். வரிசையைத் தலைகீழாக்குகிறவர்களிடம்தான் அவருக்குச் சண்டை.

2025 மார்ச் 20, வியாழன்

குழுவிலுள்ள ஓர் இளைஞர் இன்று மிகவும் சோர்ந்த முகத்தோடு வந்தார். வேதாகமத்தின் 1189 அதிகாரங்களையும் ஒரே ஆண்டில் முடிக்கும்படி, நாளுக்கு மூன்று அதிகாரமும் ஞாயிற்றுக்கிழமையில் ஐந்தும் என்ற அட்டவணையை ஜனவரியில் தொடங்கியவர் அவர். லேவியராகமத்தின் நடுவில் நின்றுவிட்டது. அட்டவணைத் தாளை விரித்துக் காட்டினார். ஜனவரிக் கட்டங்கள் அனைத்திலும் பச்சை மையில் அழகாக அடையாளமிட்டிருந்தார், பிப்ரவரியின் தொடக்கத்துக்குப் பின் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அந்த வெற்றுக் கட்டங்களுக்கும், இந்த மாதம் தமக்குக் கைநழுவிப்போன வேலைக்கும் தொடர்பு உண்டு என்று அவர் உறுதியாக நம்புகிறார். வேதம் வாசிக்காத வாரத்தில்தான் அந்த நேர்காணல் நடந்ததாம்.

அவருக்கு யோவான் 9ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்கள், இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டபோது, இயேசு இரண்டையும் மறுத்தார். நேர்ந்த ஒவ்வொரு துன்பத்துக்கும் தவறிய ஒரு கடமையைத் தேடிப்பிடிக்கும் மனம் அன்றே இருந்திருக்கிறது. வேத வாசிப்பு அவசியமானது, அதை அவர் மீண்டும் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தகப்பனுடைய கடிதத்தை வாசிப்பது அபராதத் தொகையைக் கட்டுவதாக மாறிவிட்டால், கட்டி முடித்தவருக்கு ஆணவமும் கட்டத் தவறியவருக்கு அச்சமும் மிஞ்சுமேயன்றி, இருவரில் ஒருவருக்கும் தகப்பனைத் தெரியாமல் போய்விடும்.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரைப் பற்றியும் பேசினோம். 1505இல் ஏர்ஃபுர்ட் நகரத்தில் அகுஸ்தீனார் மடத்தில் சேர்ந்த அவர், துறவியாகக் குற்றமற்று வாழ்ந்தும் தம் மனச்சாட்சி தேவனுக்கு முன்பாக அமைதியற்றே இருந்தது என்று 1545இல், தம் மரணத்துக்கு முந்தின ஆண்டில், திரும்பிப் பார்த்து எழுதினார். விதிகளை மீறியவரின் வேதனை அன்று அது. விதிகளை முழுமையாகக் கைக்கொண்டவரின் வேதனை. "விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்ற ரோமர் 1:17 தான் அவருக்கு வாசலைத் திறந்தது. அதிலிருந்து கிளம்பிய பிளவுக்குப் பின், 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரத்தில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதலைக் குறித்த கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு தரப்பும் ஒருமித்து அறிக்கையிட்டது சிறிய காரியம் அன்று. சபைகள் ஒப்புக்கொண்டதை இந்த இளைஞரின் பச்சை மைக் கட்டங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

2025 மார்ச் 30, ஞாயிறு

லெந்தின் நான்காம் ஞாயிறு. சுவிசேஷப் பகுதி லூக்கா 15: கெட்ட குமாரன். தன் பங்குச் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனுக்குத் தகப்பன் விருந்து வைக்க, மூத்தவன் கோபித்துக்கொள்ளும் உவமை அது. பல ஆண்டுகளுக்குப் பின் ஆராதனைக்கு வந்திருந்த ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். அவருடைய குடும்ப வாழ்க்கை முறிந்த விதத்தை எல்லாரும் அறிவார்கள். சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் அவருக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் இடமும் வலமும் மட்டுமே திரும்பினார்கள். பின்னால் திரும்பி அவர் கையைப் பிடித்தவள் ஒரு சிறுமி மட்டுமே.

மூத்த குமாரனின் பேச்சை இந்தச் சூழலில் கேட்டேன். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்" என்று தொடங்கி, ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை என்பதில் அந்தப் பேச்சு வந்து நிற்கிறது. அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தகப்பனும் அதை மறுக்கவில்லை. வீட்டைவிட்டு ஒரு நாளும் போகாத அவன், தன்னைக் கூலியாளாகவே எண்ணி அங்கே வாழ்ந்திருக்கிறான் என்பதுதான் துயரம். இளையவன் தூரதேசத்தில் இருந்தபோது, கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்று கேட்கத்தான் நினைத்தான்; அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கவும் தகப்பன் அவனை விடவில்லை. மூத்தவனோ யாரும் கேட்காமலே அந்தக் கூலிக்காரனாக மாறியிருந்தான். தகப்பன் அவனைத் தேடியும் வெளியே வந்து வருந்தி அழைத்தார் என்பதைப் பிரசங்கங்களில் நாம் போதுமான அளவு சொல்வதில்லை. அவன் உள்ளே போனானா என்பதை இயேசு சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஆராதனைக்குப் பின் அந்த மனிதரோடு பேசினேன். அடுத்த வாரமும் வருவதாகச் சொன்னார்.

2025 ஏப்ரல் 9, புதன்

எல்லாம் கிருபை என்றால் இஷ்டம்போல வாழலாமா என்ற கேள்வி எதிர்பார்த்தபடியே வந்தது. கேட்டவர் ஒழுக்கத்தில் மிகவும் கண்டிப்பான பெரியவர். அவருடைய கவலை நியாயமானது. "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்று பவுலும் ரோமர் 6இல் அதே கேள்வியைத் தாமே எழுப்பி மறுக்கிறார், கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபும் எழுதுகிறார். கிருபை பிரசங்கிக்கப்படும் இடத்தில் இந்தக் கேள்வி ஒருபோதும் எழவில்லையென்றால், அங்கே பிரசங்கிக்கப்படுவது கிருபைதானா என்றே சந்தேகிப்பேன்.

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் ஃபுளோசன்பூர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டு இன்றோடு 80 ஆண்டுகள் ஆகின்றன. மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பையும் சீஷத்துவம் இல்லாத கிருபையையும் மலிவான கிருபை என்று 1937இல் கண்டித்து எழுதியவர் அவர். லூத்தரின் மரபில் நின்றுகொண்டே அவர் அதை எழுதினார் என்பதைப் பெரியவரிடம் சொன்னேன்.

பிறகு, இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூலிப்பவனான சகேயுவின் வரலாற்றை எடுத்தோம். ஏமாற்றி எடுத்ததை ஒருவன் அறிக்கையிட்டால், முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தின் சட்டம். சகேயு நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுப்பதாகவும், ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும் சொல்கிறான். அப்படிச் செய் என்று இயேசு அவனிடம் கட்டளையிட்டதாக ஒரு வரியும் இல்லை. இன்றைக்கு உன் வீட்டிலே தங்கவேண்டும் என்றுதான் சொன்னார். அதுவும் அவன் மரத்தைவிட்டு இறங்குவதற்கு முன்னரே. சட்டம் கேட்டது ஐந்தில் ஒரு பங்கு. கிருபை ஒன்றும் கேட்காமலே அவனுடைய பெட்டியைத் திறந்துவிட்டது. பெரியவர் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, அந்தப் பகுதியைத் தம் வீட்டில் மறுபடியும் வாசிப்பதாகச் சொன்னார்.

2025 ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இன்றைய நீண்ட ஆராதனையில், இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்வனைப் பற்றிய வார்த்தை எனக்கு எப்போதும்போல ஆறுதலாக இருந்தது. ஞானஸ்நானம் பெறவோ, தசமபாகம் செலுத்தவோ, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவோ அவனுக்கு நேரம் இருக்கவில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு அவனுக்குக் கிடைத்தது.

ஆறுதலாக இல்லாதது மத்தேயு 18ஆம் அதிகாரம். மாலையில் அதைத்தான் எடுத்து வாசித்தேன். ராஜா ஒரு ஊழியக்காரனுக்குப் பதினாயிரம் தாலந்தை மன்னித்தான். ஒரு தாலந்து என்பது சுமார் 6000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக, மன்னிக்கப்பட்டது ஏறத்தாழ 6 கோடி நாள் கூலி. அவனோ தன் உடன்வேலைக்காரனை நூறு வெள்ளிப்பணத்துக்காகத் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான். நூறு வெள்ளிப்பணமும் சிறிய தொகை அன்று. மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு. இயேசு அந்தக் கடனைப் பொய்க் கடனாகச் சித்திரிக்காமல், உண்மையிலேயே வலிக்கக்கூடிய அளவில் வைத்திருக்கிறார்.

எனக்கும் அப்படி ஒருவர் கடன்பட்டிருக்கிறார். பணம் அன்று, இரண்டு ஆண்டுகளுக்கு முன் பலர் முன்னிலையில் என்மேல் சுமத்திய ஒரு பொய்யான பழி. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்ட பிறகு மன்னிப்பதே முறை என்று வாதிட எனக்கு வசனங்கள் தெரியும். ஆனால் மனந்திரும்பினவர்களுக்காக மட்டும் கிறிஸ்து மரித்தார் என்று ரோமர் 5 சொல்லவில்லை. நாம் பாவிகளாயிருக்கையில் என்றே சொல்கிறது. பழி பொய்யானது என்பதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை, அவரிடம் அதைச் சொல்லவும் செய்வேன். ஆனால் அவர் முதலில் வந்து பேச வேண்டும் என்ற நிபந்தனையை இன்று எடுத்துவிட்டேன். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, நானே அவரைப் பார்க்கப் போகிறேன்.