பதினோரு வயசுல ஓவர்ஸ்டே, இருபத்தொன்னுல எஃப்-1 விசா: எனக்கு நடந்தது

டிஎஸ்-160ன்னு அமெரிக்க விசா அப்ளிகேஷன் ஃபார்ம் நிரப்பினவங்களுக்குத் தெரியும், கடைசியில செக்யூரிட்டி கேள்விகள்னு ஒரு பகுதி வரும், தீவிரவாத அமைப்புல இருந்தியா, போதைப்பொருள் வித்தியா, ஆள் கடத்துனியான்னு வரிசையா கேட்டுக்கிட்டே போகும், நாமளும் நோ நோ நோன்னு தட்டிக்கிட்டே போவோம். 2022 ஏப்ரல்ல, அங்க படிக்கப் போறதுக்கான எஃப்-1 ஸ்டூடண்ட் விசாவுக்கு நானும் அப்படித்தான் தட்டிக்கிட்டுப் போனேன். நடுவுல ஒரு கேள்வி, அமெரிக்காவுல எப்பவாவது அனுமதி இல்லாம இருந்திருக்கியா, அதிகாரி குடுத்த நாளைத் தாண்டி தங்கியிருக்கியா, விசா விதியை மீறியிருக்கியான்னு. அதுக்கும் ஒரு நோ. யோசிக்கக்கூட இல்ல.

ராத்திரி சாப்பிடும்போதுதான் பேச்சுவாக்குல "பழைய விசா நம்பர் எல்லாம் கேக்குறாங்கப்பா, எங்க இருக்கு?"ன்னு கேட்டேன். எங்க அப்பா எதையும் தூக்கிப்போட மாட்டாரு, 2009ல வாங்கின மைக்ரோவேவ் பில்லே இன்னும் இருக்கு. பீரோ மேல இருந்து ஒரு பச்சை ஃபைலை இறக்கிக் குடுத்தாரு. அதுல நாங்க டெக்சாஸ்ல இருந்தப்ப ஆபீஸ் எச்ஆர் கேட்டாங்கன்னு எடுத்து வச்ச ஐ-94 கார்டு (எந்த நாள் வரைக்கும் உள்ள இருக்கலாம்னு ஏர்போர்ட்ல தேதி போட்டுக் குடுத்த சீட்டு) ஜெராக்ஸ் மூணு. அப்பாவோடது செப்டம்பர் 2014 வரைக்கும், அம்மாவோடது செப்டம்பர் 2014 வரைக்கும். என்னோடது மார்ச் 2012. நாங்க மதுரைக்குத் திரும்பி வந்தது ஜூன் 2013.

சோறு அப்படியே தட்டுல காஞ்சிருச்சு. ஒரு வருஷம் மூணு மாசம்.

எப்படி இப்படி ஆச்சுன்னு கண்டுபிடிக்கவே ரெண்டு நாள் ஆச்சு. நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் அஞ்சு வருஷத்துக்குத்தான் குடுப்பாங்க, பெரியவங்களுக்குப் பத்து வருஷம். எனக்கு 2007 மார்ச்ல எடுத்தது, 2012 மார்ச்ல முடியுது. 2011ல அத்தை கல்யாணத்துக்குத் திருமங்கலம் வந்துட்டு, அப்பா எச்-1பி வேலை விசா, நானும் அம்மாவும் அவரோட குடும்பத்துக்கான எச்-4, சென்னையில புதுசா விசா ஸ்டாம்பிங் முடிச்சு ஆகஸ்ட்ல சிகாகோ வழியா திரும்பிப் போனோம். விசா எல்லாருக்கும் 2014 வரைக்கும் இருந்துச்சு. ஆனா ஏர்போர்ட்ல அந்த ஆபீசர் என் ஐ-94ல மட்டும் பாஸ்போர்ட் முடியுற தேதியைப் போட்டுட்டாரு. அது அவர் செஞ்ச தப்பும் இல்லயாம், பாஸ்போர்ட் சீக்கிரம் முடியுதுன்னா அதோட வெட்டிடுறது அங்க சகஜம். அடுத்த வருஷம் அப்பா ஹூஸ்டன் இந்திய கான்சுலேட்டுக்கு அனுப்பி எனக்குப் புது பாஸ்போர்ட் வாங்கிட்டாரு, அதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டாங்க. பாஸ்போர்ட் புதுசானா ஐ-94 தானா நீளாதுன்னு யாருக்கும் தோணல. விசா ஸ்டாம்ப்ல இருக்கிற தேதி அந்த நாட்டு வாசல்ல போய் நிக்கிறதுக்கு, உள்ள எவ்வளவு நாள் இருக்கலாம்னு சொல்றது ஐ-94 தான், இந்த ஒரு விஷயம் இன்னைக்கும் பாதிப் பேருக்குத் தெரியல.

தம்பி அங்கயே 2010ல பிறந்தவன், அவன் அமெரிக்கன் பாஸ்போர்ட். அம்மா அப்பா ரெண்டு பேரும் சரியா இருந்திருக்காங்க. ஆக மொத்தம் வீட்டுல நாலு பேர்ல சட்டவிரோதமா குடியிருந்தது ஆறாவது படிச்சுக்கிட்டு ஸ்பெல்லிங் பீ போட்டிக்குப் போயிட்டு வந்த நான் ஒருத்தி மட்டும்.

கூகுள் பண்ணா இன்னும் பயமாயிருச்சு. 180 நாளுக்கு மேல ஓவர்ஸ்டே பண்ணிட்டு வெளியேறினா மூணு வருஷம் உள்ள விடமாட்டாங்க, ஒரு வருஷத்துக்கு மேலன்னா பத்து வருஷம். நான் கணக்குப் போட்டேன், 2013 ஜூன்ல இருந்து பத்து வருஷம்னா 2023 ஜூன், என் கிளாஸ் ஆரம்பிக்கிறது 2022 ஆகஸ்ட். யூனிவர்சிட்டியில இருந்து ஐ-20 அட்மிஷன் பேப்பர் வந்தாச்சு, வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ் பதிவுக்கான செவிஸ் ஃபீஸ் 350 டாலர் கட்டியாச்சு, பேங்க் லோன் சாங்ஷன் ஆகியாச்சு. அம்மா பூஜை ரூம்ல போய் உக்காந்துட்டாங்க. அப்பா ஒண்ணுமே பேசல, அந்த மூணு ஜெராக்ஸையும் டேபிள்ல வரிசையா வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு, எனக்கு அதுதான் தாங்க முடியல.

மறுநாள் அட்மிஷனுக்கு உதவி பண்ண கன்சல்டன்சிக்குப் போனேன், பேர் வேண்டாம். அங்க இருந்தவர் கதையைப் பாதி கேட்டுட்டே சிரிச்சாரு. "இதெல்லாம் பேப்பர் கார்டு காலம்மா, ரெக்கார்டே இருக்காது, நீ சின்னப் பொண்ணு வேற, நோ போட்டுட்டுப் போயிட்டே இரு, எஸ் போட்டா நீயா போய் மாட்டிக்கிற மாதிரி"ன்னாரு. அவர் சொன்ன விதத்துல சரின்னுதான் தோணுச்சு, பொய் சொல்லக்கூடாது. வீட்டுக்குப் பஸ்ல வரும்போது நோ தான்னு முடிவே பண்ணிட்டேன்.

அப்பாதான் கேக்கல. அவரோட பழைய கொலீக் ஒருத்தர் மூலமா அங்க இருக்கிற ஒரு இமிகிரேஷன் வக்கீல்கிட்ட அரை மணி நேரம் வீடியோ கால், 200 டாலர். அந்த அம்மா ரொம்ப நிதானமா, அவசரமே இல்லாம பேசினாங்க. முதல் கேள்வியே "அப்போ உனக்கு என்ன வயசு?" தான். பதினோரு வயசுல ஆரம்பிச்சு பன்னெண்டு வயசுல முடிஞ்சுதுன்னேன். அப்போ மூணு வருஷம் பத்து வருஷம் ரெண்டுமே உனக்குக் கிடையாதுன்னாங்க. அந்தத் தடை 1996ல போட்ட சட்டத்துல வந்தது, அதுலயே 18 வயசுக்குக் கீழ இருந்த நாளைக் கணக்குல எடுக்கக்கூடாதுன்னு விலக்கு இருக்கு. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு.

அப்படின்னா நோ போடலாம்தானேன்னு கேட்டேன். இங்கதான் விஷயமே. அந்த அம்மா கேள்வியை மறுபடி படிக்கச் சொன்னாங்க. கேள்வி உனக்குத் தடை இருக்கான்னு கேக்கல, குடுத்த நாளைத் தாண்டி தங்கினியான்னு கேக்குது. தங்கினே. வயசு விலக்கு தண்டனைக்குத்தான், பதிலுக்கு இல்ல. தெரிஞ்சே நோ போட்டு அது பின்னாடி வெளிய வந்தா அது வேற கணக்கு, தெரிஞ்சு பொய் சொல்லி விசா வாங்கப் பாத்தான்னு ஒரு பிரிவு இருக்கு, அந்தத் தடைக்கு வருஷக் கணக்கே கிடையாது, ஆயுசுக்கும். அதாவது இல்லாத தடையிலிருந்து தப்பிக்கப் பொய் சொல்லி, நிஜமான தடையை வாங்கிக் கட்டிக்கிறது. கன்சல்டன்சிக்காரர் சொன்னதைக் கேட்டிருந்தா அதான் நடந்திருக்கும், அவருக்கு என்ன, அடுத்த ஸ்டூடண்ட்டைப் பாக்கப் போயிருப்பாரு.

இன்னொன்னும் சொன்னாங்க. ஓவர்ஸ்டே பண்ணா அந்த விசா தானா செல்லாமப் போயிடும், அடுத்த விசாவை வேற எங்கயோ போய் வாங்க முடியாது, சொந்த நாட்டுலதான் அப்ளை பண்ணணும்னு 222(ஜி)ன்னு ஒரு விதி. நான் எப்படியும் சென்னையிலதான் அப்ளை பண்றேன், அந்த எச்-4உம் எப்பவோ முடிஞ்சுபோச்சு, அதனால எனக்கு அது பிரச்சினையே இல்ல. ஆனா சிங்கப்பூர், துபாய்னு இருந்துக்கிட்டு அங்கயே போட்டுடலாம்னு நினைக்கிறவங்க இதைக் கவனிச்சுக்கோங்க.

திரும்ப உக்காந்து ஃபார்ம்ல எஸ் போட்டேன். அந்த சைட்டைப் பத்தி ஒரு வார்த்தை, இருபது நிமிஷம் சும்மா விட்டா வெளிய தள்ளிடும், நான் விளக்கம் யோசிச்சு யோசிச்சு டைப் பண்ணி ரெண்டு தடவை எல்லாம் போயிருச்சு. நோட்பேட்ல எழுதிட்டு ஒட்டுங்க. என் முதல் டிராஃப்ட் ஒரு பக்கம், கல்யாணம், அஞ்சு வருஷ பாஸ்போர்ட், அப்பா எவ்வளவு நல்லவர்னு எல்லாம் இருந்துச்சு. வக்கீல் அதை அஞ்சு வரியா வெட்டிட்டாங்க. எந்தத் தேதியில எந்த விசாவுல நுழைஞ்சேன், எத்தனை வயசு, பாஸ்போர்ட் தேதியால ஐ-94 எந்த நாளோட முடிஞ்சுது, அம்மா அப்பாவோட அனுமதி எது வரைக்கும் இருந்துச்சு, எந்தத் தேதி கிளம்பினேன், முழு நேரமும் மைனர். அவ்வளவுதான், மன்னிப்புகூட வேண்டாம்னுட்டாங்க.

கிளம்பின தேதிக்கு ஆதாரம்தான் கொஞ்சம் இடிச்சுது. பேப்பர் கார்டை வெளியேறும்போது ஏர்லைன்காரங்க வாங்கிக்கிட்டாங்க, ஆன்லைன்ல தேடினா எதுவும் வரல. அமெரிக்க எல்லைத் துறைகிட்ட எஃப்ஓஐஏ போட்டு நம்ம ரெக்கார்டை நாமே கேக்கலாம், நம்ம ஊர் ஆர்டிஐ மாதிரி. அதையும் போட்டு வச்சேன். ஆனா கைகுடுத்தது 2012ல ஹூஸ்டன்ல வாங்கின பாஸ்போர்ட்ல நம்ம சென்னை இமிகிரேஷன் குத்தின ஜூன் 2013 அரைவல் சீல். அதனாலதான் சொல்றேன், பழைய பாஸ்போர்ட்டைத் தொலைச்சுடாதீங்க, குழந்தைங்களோடதையும் சேத்து.

இன்டர்வியூ ஸ்லாட் கிடைச்ச கதை தனி, அந்த வருஷம் அப்ளை பண்ணவங்களுக்குச் சொல்லவே வேண்டாம், டெலிகிராம் குரூப்ல மெசேஜ் வந்தா பாத்ரூம்ல இருந்துகூட ஓடி வந்திருக்கேன். ஃபீஸ் அப்போ 160 டாலர், 2023ல இருந்து 185 ஆக்கிட்டாங்க.

ஜூன் கடைசியில இன்டர்வியூ. முதல் நாள் கைரேகை, போட்டோ. மறுநாள் காலையில ஜெமினி ஃப்ளைஓவர் பக்கத்துல கான்சுலேட் வாசல்ல லைன். உள்ள போன் விடமாட்டாங்க, அப்பா என் போனையும் சேத்து வாங்கிக்கிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்னாரு. உள்ள எனக்கு முன்னாடி நின்ன பையனுக்கு ரெண்டு நிமிஷத்துல 214(பி), அதாவது படிச்சுட்டு ஊருக்குத் திரும்புவேன்னு நம்பிக்கை வரலன்னு ரிஜெக்ட் சொல்லி பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டாங்க, அதைப் பாத்துட்டுப் போய் நிக்கணும்.

ஆபீசருக்கு முப்பது வயசுதான் இருக்கும். எந்த யூனிவர்சிட்டி, ஏன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங், யார் பணம் கட்டுறான்னு எல்லாருக்கும் கேக்குறதைக் கேட்டாரு. அப்புறம் ஸ்கிரீனைப் பாத்துட்டு நிறுத்தினாரு. "இங்க எஸ்னு போட்டிருக்கியே, என்ன நடந்துச்சு?" நான் வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தது எல்லாம் மறந்துபோச்சு. பதினோரு வயசு, பாஸ்போர்ட் முடிஞ்சுது, ஐ-94 அதோட முடிஞ்சுது, வீட்டுல யாரும் கவனிக்கல, ரெண்டு மாசம் முன்னாடிதான் எங்களுக்கே தெரியும்னு சொன்னேன். அவர் பழைய பாஸ்போர்ட் ரெண்டையும் வாங்கிப் புரட்டினாரு. எழுந்து உள்ள போனாரு. நாலஞ்சு நிமிஷம் இருக்கும், எனக்கு நாலு மணி நேரம். வந்து "உங்க அப்பா இப்ப என்ன பண்றாரு?"ன்னு கேட்டாரு, கோயம்புத்தூர்ல வேலை, வாரக்கடைசியில மதுரை வருவாருன்னேன். தலையை ஆட்டிட்டு ஒரு ஸ்லிப் குடுத்தாரு. 221(ஜி), இன்னும் பேப்பர் வேணும்னு முடிவை நிறுத்தி வைக்கிறது. அப்பாவோட ஐ-797ன்னு எச்-1பி அப்ரூவல் நோட்டீஸ், ஐ-94 ஜெராக்ஸ் எல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லி.

வெளிய வந்து அப்பா முகத்தைப் பாத்ததும் அழுகை வந்துருச்சு, ரிஜெக்ட் இல்லப்பான்னு சொல்றதுக்குள்ள அவர் வேற மாதிரி எடுத்துக்கிட்டாரு. அன்னைக்கே ஸ்கேன் எல்லாம் அனுப்பிட்டோம். சாயங்காலம் ஸ்டேட்டஸ் பாத்தா "ரெஃப்யூஸ்ட்"னு வந்துச்சு. இது தெரியாதவங்களுக்கு நெஞ்சே நின்னுடும். 221(ஜி) போட்டு நிறுத்தி வச்சிருந்தாலும் அங்க அப்படித்தான் காட்டும், முடிவு வந்தா மாறும். வக்கீல் முன்னாடியே சொல்லியிருந்தாங்க, இருந்தாலும் அந்தப் பன்னெண்டு நாள் நான் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அந்தப் பக்கத்தைத் திறந்திருப்பேன். பதிமூணாவது நாள் காலையில அம்மா தோசை ஊத்திக்கிட்டு இருக்கும்போது "இஷ்யூட்". கத்தின கத்துல பக்கத்து வீட்டு ஆச்சி வந்துட்டாங்க.

ஆகஸ்ட்ல மறுபடி அதே சிகாகோ. கவுண்டர்ல இருந்து தனி ரூமுக்கு அனுப்பினாங்க, முக்கால் மணி நேரம் உக்கார வச்சு அதே கதையை இன்னொரு தடவை கேட்டாங்க, ஃபார்ம்ல எழுதின அதே தேதிகளைச் சொன்னேன், விட்டுட்டாங்க. வெளிய வந்ததும் முதல் வேலையா ஐ-94 டவுன்லோட் பண்ணிப் பாத்தேன். எஃப்-1க்குத் தேதியே இல்ல, டி/எஸ்னு மட்டும் இருந்துச்சு, படிக்கிற வரைக்கும்னு அர்த்தம். எஃப்ஓஐஏ பதில் அக்டோபர்ல வந்துச்சு, என் நுழைவு, வெளியேற்றம் ரெண்டும் தேதியோட அதுல இருந்துச்சு. ரெக்கார்டே இருக்காதுன்னாருல்ல ஒருத்தர்.

டிசம்பர் லீவுக்கு நியூஜெர்சியில சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவங்க பையனுக்கு ஏழு வயசு, எச்-4. சும்மா கெத்துக்காக என் கதையைச் சொல்லிட்டு இருக்கும்போது சித்தி திடீர்னு எழுந்து போய் லேப்டாப்பை எடுத்துட்டு வந்தாங்க. மூணு பேரோட ஐ-94உம் எடுத்துப் பாத்தோம். பெரியவங்க ரெண்டு பேருக்கும் 2024, பையனுக்கு 2023 பிப்ரவரி. பாஸ்போர்ட் தேதி. இன்னும் ஏழு வாரம் இருந்துச்சு. பாஸ்போர்ட்டைப் புதுப்பிச்சுட்டு ஒரு தடவை வெளிய போயிட்டு வந்தா புது ஐ-94 கிடைக்கும், இல்லன்னா தேதி முடியுறதுக்குள்ள ஐ-539 போட்டு நீட்டிக்கச் சொல்லிக் கேக்கணும். சித்தப்பாவுக்கு லீவு இல்ல, அதனால ஐ-539 போட்டாங்க. ரசீது வந்த அன்னைக்கு மதுரைக்குப் போன் பண்ணி அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்லுமா"ன்னாரு.