அநுரவைப் புகழலாம், ஆனால் எதற்கு?

அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைக்கிற கைதட்டலில் எனக்கு வயிற்றெரிச்சல் எதுவுமில்லை, 2019இல் 3 சதவீத வாக்கு எடுத்த மனிதர் 2024 செப்டெம்பரில் 42 சதவீதம் எடுத்து இலங்கை ஜனாதிபதியாகி, நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்திக் கூட்டணி 159 பாராளுமன்ற ஆசனங்களைப் பிடித்தது, யாழ்ப்பாண மாவட்டத்தில்கூட 3. சரி, உழைத்து வாங்கிய வெற்றிதான். ஆனால் அவருடைய எளிமையையும் சிரிப்பையும் தலைப்புச் செய்தியாக்குவது ஊடகத்தின் வேலையா? பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம், நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று தேர்தலில் சொன்னார்களே, எப்போது என்று கேளுங்கள். அப்புறம், இணைந்திருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களை 2006இல் பிரித்த உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு வழக்குப் போட்டது இவருடைய தாய்க்கட்சியான மக்கள் விடுதலை முன்னணிதான் (ஜேவிபி), அதையும் ஒரு பேட்டியிலாவது நேராகக் கேளுங்கள். இப்படி எழுதினால் உடனே “முந்தியவர்கள் என்ன கிழித்தார்கள்” என்று வருவார்கள். ஒன்றும் கிழிக்கவில்லை, அதனால்தானே வீட்டுக்கு அனுப்பினோம்!