எட்டு பிளைண்டும் ஒரு கொத்து ரொட்டியும்

2025 ஆகஸ்ட் 2, சனி

இன்றும் நான்தான் கொத்து ரொட்டி வாங்கினேன். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் நண்பனின் தொடர்மாடியில் போக்கர் ஆட்டம். காசு கிடையாது, தலைக்கு 8000 சிப், ஆறு பேர், கடைசியில் தோற்பவன் எல்லோருக்கும் சாப்பாடு எடுக்க வேண்டும். நாலு பேர் போய் நானும் அவனும் மிஞ்சினோம். அவனிடம் 40000, என்னிடம் 8000. சீட்டுப் பார்க்கும் முன்னே கட்டாயம் போட வேண்டிய பிளைண்ட் ஒருவனுக்கு 500, மற்றவனுக்கு 1000.

பட்டன் எனக்கு, அதாவது முதலில் பேச வேண்டியவன் நான். கையில் ராசாவும் 8உம், வேறு வேறு சாதி. 2500க்கு ஏற்றினேன். அவன் சீட்டைச் சரியாகப் பார்த்தானோ தெரியாது, "ஓல்-இன்" என்றான், முழுச் சிப்பும் பந்தயம். கீழே ரயில் போய் முடியும்வரை யோசித்துவிட்டுச் சீட்டைப் போட்டேன். "பொறுமைசாலி மச்சான் நீ" என்றான். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பத்து நிமிசம்கூடத் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நித்திரை வராமல் கணக்குப் பார்த்தேன். நடுவில் ஏற்கெனவே என் 2500. அவனுடையதில் என்னோடு மோதக்கூடியது 8000. ஆக 10500. நான் இன்னும் போட வேண்டியிருந்தது 5500தான். மொத்தம் 16000ஐ வெல்ல 5500, அதாவது நூறில் 34 தடவை வென்றால் நட்டமில்லை. அவன் கையில் ஏஸ்-ராணி இருந்திருந்தாலும் என் ராசா-8 பத்துக்கு ஏறக்குறைய நாலு தடவை வெல்லும். அதைத்தான் தூக்கி எறிந்திருக்கிறேன்.

உண்மையான பிழை அதற்கும் முன்னால். எட்டு பிளைண்டோடு, அதாவது 1000இன் எட்டு மடங்கோடு, இருப்பவனுக்கு 2500க்கு ஏற்றுவது என்று ஒரு ஆட்டமே இல்லை. ஒன்றில் சீட்டைப் போட வேண்டும், இல்லையென்றால் முழுவதையும் தள்ள வேண்டும். தள்ளியிருந்தால் அவன் பயந்து சீட்டைப் போட்டாலும் எனக்கு லாபம், கோல் பண்ணி ஈடு கொடுத்தாலும் நடுவில் விழும் ஐந்து சீட்டும் பார்க்கலாம். 2500 போட்டுப் பயமுறுத்தும் வேலையை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

அவன் முன்னால் இருந்த சிப் குவியல்தான் கண்ணைக் கட்டிவிட்டது. 40000 இருந்தாலும் அந்தக் கையில் அவனும் 8000காரன்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பழக்கதோசம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். அப்பப்பாவோடு 304 என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவன் நான். துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், அங்கே பெரிய சீட்டான ஜாக்கும் 9உம் வரும்வரை காத்திருக்கலாம். அங்கே காத்திருப்பதற்கு வாடகை இல்லை. இங்கே இரண்டு பேர் மட்டும் என்றால் இரண்டு கைக்கு ஒருமுறை 1500 போகிறது. சும்மா இருந்தே பத்துப் பதினொரு கையில் 8000மும் கரைந்துவிடும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நிக்கினி போயா, பௌர்ணமி லீவு. பியர் இல்லை, நெக்டோ சோடாதான்.

மறுபடியும் நாங்கள் இரண்டு பேர். என்னிடம் 7000. பட்டனில் ராசா-2 வந்தது, தள்ளினேன். அவன் சீட்டைப் போட்டான். அடுத்ததில் அவன் தள்ளினான், என்னிடம் 10-4. முதல் கையில் வென்ற பிளைண்டோடு எனக்கு 8000, அதில் 1000 பிளைண்டாக ஏற்கெனவே உள்ளே, மிச்சம் 7000 போட்டு 16000 எடுக்க நூறில் 44 வேண்டும். அந்தக் கைக்கு அது கிடைக்காது, சீட்டைப் போட்டேன். நான் தள்ளும் சீட்டெல்லாம் கோல் பண்ணும் சீட்டில்லை. இதை விளங்கிக்கொள்ளத்தான் எனக்கு இவ்வளவு காலம். ராணி-9, தள்ளினேன். போட்டான். "என்னடா, பொறுமை எங்கே?" என்றான்.

பிறகு ஜாக்-9, இரண்டும் ஸ்கோப்பன் சாதி. மூன்றாவது தடவையாகத் தள்ளியபோது சீட்டை இரண்டு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் எரிச்சலோடு கோல் பண்ணினான். ஏஸ்-4. எனக்கு நூறில் 45க்குக் கிட்ட, ஏற்கக்கூடிய கணக்கு. முதல் மூன்று சீட்டிலேயே 9 விழுந்தது. நாலாவது 3. நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். ஐந்தாவது ஏஸ்.

எழும்பியது எழும்பியதுதானே. யாருக்கு முட்டைக் கொத்து, யாருக்குக் கோழி என்று கேட்டுக்கொண்டே செருப்பைப் போட்டேன்.