ஒன்றும் வரவில்லை என்று எழுதியவள்

2024 செப்டம்பரில் மும்பை போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் கார்வி பூத்திருந்தது. நம் குறிஞ்சிக்குச் சொந்தக்காரச் செடி. குறிஞ்சி பூக்க 12 ஆண்டு, இது பூக்க 8. தாராவித் தமிழ்ப் பிள்ளைகள் ஆறு பேரை ஞாயிறுதோறும் மாஹிமில் ரயிலேற்றி அங்கே கூட்டிப்போவது அப்போது என் வேலை. வனத்துறை அனுமதியோடு, பூவுக்கு வரும் பூச்சிகளை எண்ணுவதற்காக.

முறை எளிதுதான். அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைப் பூக்களை ஒட்டிக் கட்டிவிட்டு, பத்து நிமிடம் ஆடாமல் உட்கார்ந்து, சட்டத்துக்குள் பூவில் இறங்கும் பூச்சியை மட்டும் வகைவாரியாக எண்ண வேண்டும். பிள்ளைகளுக்கு முதல் வாரம் எல்லாமே ‘மதுமக்கி’தான், இந்தியில் தேனீ. மூன்றாம் வாரத்தில் பெரிய மலைத்தேனீயையும் சின்ன அடுக்குத்தேனீயையும் பிரித்துச் சொன்னார்கள். தேனீபோல வேஷம் கட்டி வரும் ஈயைக்கூட ஒரு பையன் பிடித்துவிட்டான்: “அக்கா, இதுக்கு ரெண்டே இறக்கை. மீசையும் குட்டி.” தேனீக்கு நான்கு இறக்கை. அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் தூறல். எட்டாவது படிக்கும் ஒருத்தியின் சட்டத்துக்குள் ஒன்றுமே வரவில்லை. ஊதாப்பூ விளிம்புகளில் நீர்த்துளி நின்றது, அவ்வளவுதான். பாவமாக இருந்தது. “பக்கத்துப் புதருக்கு மாத்திக்கோம்மா, அங்க ஒண்ணு ரெண்டு சுத்துது” என்றேன்.

“வரலைன்னா வரலைன்னுதானே அக்கா எழுதணும்?”

அவள் சொன்னதுதான் சரி. பூச்சி மொய்க்கும் பூவாகத் தேடிப் பிடித்து எண்ணினால், தேனீ குறைந்துபோனாலும் நம் தாளில் தெரியவே தெரியாது. கார்வி ஒரே தடவை பூத்துக் காய்த்துப் பட்டுப்போகும் செடி. தேனீ வராவிட்டால் விதை குறையும். தேனீ வந்ததா என்று அடுத்த வருஷம் போய்ச் சரிபார்க்க அங்கே பூவும் இருக்காது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஆனாலும் பிள்ளை வெறுங்கையோடு போகக்கூடாதே என்று என் வாய் முந்திக்கொண்டது.

அவள் ‘0’ என்று எழுதி, பக்கத்தில் ‘தூறல், காற்று இல்லை’ என்று சேர்த்தாள். வெயில் வந்த பிறகு அதே சட்டத்தில் மறுபடி உட்கார்ந்தாள். முதலில் வந்தது ஓர் அடுக்குத்தேனீ. தலையைக் குடைந்து பூவுக்குள் போய், முதுகெல்லாம் மகரந்தத்தோடு பின்வாங்கி வெளியே வந்தது. அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். பென்சில் மட்டும் ஒரு கோடு போட்டது.