திருவக்கரை மணற்கல்லில் ஆற்றின் திசை

பிப்ரவரி 8, 2025, சனி

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைப் பூங்காவுக்கு வருகிறவர்கள், கல்லாகிப்போன மரங்களான கல்மரங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கோ அவற்றைப் புதைத்த மணல்மேல்தான் ஆசை. ஏறக்குறைய 2 கோடி ஆண்டு வயது சொல்லப்படும் அந்த அடிமரங்களில் கிளையும் இல்லை, வேரும் இல்லை. அதனால்தான் எங்கோ வளர்ந்து ஆற்றோடு வந்தவை என்கிறார்கள். சரி, ஆறு எந்தப் பக்கமிருந்து வந்தது?

பூங்காவுக்குள் எதையும் தொடக்கூடாது. வெளியே மழை அரித்த ஓடைகளில், அந்த மணல் இறுகிய பாறையான கடலூர் மணற்கல் செங்குத்துச் சுவராக நிற்கிறது. ஆற்றின் அடியில் மணல்மேடுகள் நகரும்போது, நீர் மணலை மேட்டின் முதுகில் ஏற்றி முன்சரிவில் கொட்டும். அந்தச் சரிவுகளே கல்லில் சாய்ந்த கோடுகளாகத் தங்கிவிடுகின்றன. கிராஸ் பெட்டிங் என்பது இதுதான். சரிவு இறங்கும் பக்கம்தான் நீர் போன பக்கம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை முழுவதும் ஒரே ஓடை. சுவரில் கோடு வலப்பக்கம் சாய்ந்தால் நீரும் வலப்பக்கம் போனது என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லக்கூடாது. சுவர் எந்தத் திசையில் வெட்டுப்பட்டதோ அதற்கேற்ப சாய்வு மாறித் தெரியும். இரண்டு முகங்கள் சந்திக்கும் மூலையைத் தேடி, சாய்தளத்தோடு ஒட்டி ஒரு அட்டையைச் செருகி, அதன்மேல் பாறையின் திசையையும் சாய்வையும் அளக்கும் பிரண்டன் காம்பஸை வைத்தால்தான் மெய்யான சாய்வுத் திசை கிடைக்கும்.

சில இடங்களில் இந்தச் சாய்தளங்கள் ஒன்றுக்குள் ஒன்று வைத்த இருப்புச்சட்டிகள்போல் வளைந்திருக்கின்றன. அவற்றின் விளிம்பில் அளந்தால் திசை இரு பக்கமும் சிதறும். நடு அச்சைத்தான் பிடிக்க வேண்டும். இது பொறுமையைச் சோதிக்கிற வேலை, ஆனால் இங்கே அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "என்ன தம்பி, சர்வேயா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "இப்ப ஆறு அந்தாண்ட கெழக்கால போவுது, அப்ப மட்டும் வேற எங்க போயிருக்கும்?" என்றார். வராக நதியைச் சொல்கிறார். நல்ல ஊகம்தான், ஆனால் இன்றைய ஆற்றை வைத்து அன்றைய ஆற்றை முடிவுசெய்ய முடியாது. அதற்காகத்தானே அளக்கிறோம்.

பிப்ரவரி 12, புதன்

இரவு கணக்கு. திசைகளைச் சாதாரணமாகச் சராசரி எடுக்கக் கூடாது: 350 பாகையும் 10 பாகையும் வடக்கையே காட்டுகின்றன, கூட்டி வகுத்தாலோ 180, நேர் தெற்கு! ஒவ்வொரு திசைக்கும் சைன், கொசைன் எடுத்துக் கூட்டித்தான் சராசரித் திசைக்கு வர வேண்டும். இங்கே மணற்கல்லின் பெரிய அடுக்குகள் ஏறக்குறைய கிடையாகவே இருப்பதால், பின்னாளில் பாறை மொத்தமாகச் சாய்ந்திருந்தால் போட வேண்டிய திருத்தத்தைப் போடவில்லை.

எந்தத் திசையில் எத்தனை அளவுகள் என்பதைப் பூவிதழ்போல் காட்டும் வட்டப் படமான ரோஸ் டயகிராமில் இதழ்கள் கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடையே திரண்டிருக்கின்றன. பெரியவர் சொன்னது சரிதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று கூழாங்கல் அடுக்குகள். ஓடும் நீரில் தட்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுக்கும்; அவற்றின் தட்டை முகம் நீர் வந்த பக்கமாகச் சரியும். பெரும்பாலானவை மேற்கே சரிந்திருக்கின்றன. மணலும் கல்லும் ஒரே சாட்சி சொல்கின்றன. கல்மரங்கள் கிடக்கும் திசையை இதில் சேர்க்கவில்லை. மிதந்துவரும் மரம் நீரோட்டத்தின் நெடுக்கிலும் தங்கும், குறுக்கிலும் தங்கும்.

போன வாரம் அளந்த சுவர்களில் ஒன்றைக் கிராவலுக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். மனசு ஆறவில்லை. அந்த அச்சை இனி யாரும் திரும்ப அளக்க முடியாது. மிச்சமிருக்கும் முகங்களை அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஜிபிஎஸ் குறித்து வைத்தேன். வடக்கு ஓடை பாக்கி. அடுத்த சனிக்கிழமை அங்கே போக வேண்டும்.